ஓய்வு பெறுவது ஆளா, அறிவா?

குயவன் கை ஓய்ந்தால் திகிரி நிற்கும். ஆயின், அவன் மகன் சிற்றகவையிலேயே அத் திகிரியருகில் அமர்ந்து களிமண்ணின் பதம் அறிந்திருப்பானேல், தந்தையின் ஓய்வு தொழிலின் ஓய்வு ஆகாது. தச்சன், கொல்லன், கற்றச்சன் ஆகியோர் தொழில்களும் இங்ஙனமே தலைமுறை தலைமுறையாய் நின்றன. கை மாறிற்று, அறிவு மறையவில்லை.

இற்றைக் காலத்திலோ, கையால் தொடமுடியாத தொழில் ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. பாலமும் அணையும், கப்பலும் வானூர்தியும் கட்டப்படுமுன், அவை நிற்குமா வீழுமா என்பதைக் கணிப்பொறி வழியே கணித்துச் சொல்லும் பொறியியல் மென்பொருள் தொழிலே அது. அத் தொழிலில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்துச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் யான். என் பெருமை பேசுவது இக் கட்டுரையின் நோக்கமன்று. என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுப்போனது எது என்று எண்ணிப் பார்த்தபோது எழுந்த வருத்தமே இதனை எழுதத் தூண்டிற்று.

வழியனுப்பு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினர், பாராட்டிப் பேசினர், வெள்ளி விளக்கொன்று தந்தனர். 1972-ஆம் ஆண்டில் வந்த பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் சம்பளம் எனக் கணக்கிட்டுப் பணிக்கொடையும் வந்து சேர்ந்தது. மாலை ஆறு மணிக்கு என் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டனர். ஆறரை மணிக்கு என் மின்னஞ்சல் மூடப்பட்டது. யாவும் ஒழுங்காகவே நடந்தன. குறை ஒன்றே. முப்பத்தாறு ஆண்டுப் பட்டறிவை அடுத்தவரிடம் ஒப்படைக்க எனக்குத் தரப்பட்ட நாள்கள் பத்து! பணத்தை எண்ணித் தந்தவர்கள், அறிவை எண்ணி வாங்கவில்லை.

அப் பத்து நாள்களில் யான் ஒப்படைத்தவை கோப்புகளும் கடவுச்சொற்களும் பெயர்ப் பட்டியல்களுமே. ஒப்படையாமல் விட்டது யாதென வினவின், ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன்.

ஒரு பொருள் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று அறிய, அதனை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறும் அண்டைக் கூறோடு ஒட்டும் முனைகளில் விசைகளைச் சமன்செய்து கணிப்பதே எம் தொழிலின் உயிர்நிலை. போயிங்கு நிறுவனப் பொறிஞர்களோடு சேர்ந்து 1956-இல் இம் முறையை ஆய்வுரையாக வெளியிட்ட கலிபோர்னியப் பேராசிரியர் இரே கிளஃபு என்பவரே, 1960-இல் அதற்கு இன்று வழங்கும் பெயரையும் இட்டார். இம் முறையில் இரண்டு முனைகள் மிக நெருங்கி நிற்பின், அவற்றை ஒன்றெனவே கொள்ளல் வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதற்கு எல்லையெண் ஒன்று உண்டு. அவ் வெண் மிகச் சிறிதாயின், ஒட்டியிருக்க வேண்டிய இரு தகடுகள் கணிப்பில் பிரிந்து நிற்கும். மிகப் பெரிதாயின், பிரிந்திருக்க வேண்டியவை ஒட்டிக்கொள்ளும்.

யான் பணியாற்றிய மென்பொருளில் அவ் வெல்லையெண் நேராக எழுதப்படாமல், பொருளின் மொத்த நீளத்தைக் கொண்டு ஒரு சுற்றுவழியிற் கணிக்கப்பட்டிருந்தது. பார்ப்பவர்க்கு அது வீண்சுற்றாகவே தோன்றும். அதனை அவ்வாறு எழுதியவன் யானே. ஒரு வாடிக்கையாளர் அங்குலத்திலும் வேறொருவர் மில்லிமீட்டரிலும் அளவு தந்தமையால் விடைகள் பிழைபட, மூன்று கிழமை உறக்கமின்றித் தேடிக் கண்ட தீர்வு அது. ஆயின், ஏன் அவ்வாறு எழுதினேன் என்பதை நிரலில் ஒரு வரியேனும் குறித்துவைத்தேன் அல்லேன்.

ஓய்வு பெற்ற ஐந்தாம் திங்களில் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அந்தச் சுற்றுவழி எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. பழைய நிரலைத் துப்புரவு செய்கையில் அதை நீக்கிவிட்டு ஒரே எண்ணை இட்டோம். இப்பொழுது ஒரு நீராவிக் குழாய்த் தாங்கியின் கணக்குப் பொருந்தவில்லை" என்றார். அரை மணி நேரத்தில் கரணியத்தைச் சொல்லிவிட்டேன். அதைத் தேடி அவர்கள் இழந்ததோ ஆறு கிழமை. நல்வாய்ப்பாக அத் தாங்கி அப்பொழுது வரைபட அளவிலேயே இருந்தது. கட்டி முடித்து, நீராவி பாய்ச்சியபின் தெரிந்திருப்பின் என்னாகியிருக்கும்?

குற்றம் அவ் விளைஞருடையதன்று. பாதிக் குற்றம் பத்து நாள் தந்த நிறுவனத்தினுடையது. மறுபாதி என்னுடையது.

உண்மையை மறையாது சொல்வேன். எழுதிவைக்க நேரமில்லை என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். அது போலிச் சொல். எழுதாமைக்கு உண்மைக் கரணியம் வேறு. எழுதிவிட்டால் என்னை நாடி வருவார் குறைவர். ஐம்பது அகவை கடந்தோரை ஆட்குறைப்பின்போது முதலிற் கழிக்கும் தொழிலில், 'இவரின்றி இது நடவாது' என்னும் பெயரே எனக்குக் காப்பாக இருந்தது. ஆகலின் அறிவைப் பூட்டிவைத்து அதன்மேல் அமர்ந்திருந்தேன். மருந்து முறையைப் பெற்ற மகனுக்கும் சொல்லாது இறந்துபோன நாட்டு மருத்துவனை நாம் பழிக்கின்றோம். அவனால் அழிந்த அறிவை எண்ணி வருந்துகின்றோம். கணிப்பொறிமுன் அமர்ந்த நாம் அவனினும் எவ்வகையில் உயர்ந்தோம்?

'இஃது ஒரு நிறுவனத்திற்குள் நடந்த சிறு செய்தி. இதனை இத்துணைப் பெரிதாக்குவானேன்?' என்பார் உளர். அவர்க்குப் பெருஞ் செய்திகள் இரண்டு கூறுவேன்.

1991 ஆகசுட்டு 23-ஆம் நாள், நார்வே நாட்டுச் சுடாவங்கர் நகர்க்கருகே ஒரு கடற்கழியில், சிலைப்னர்-ஏ என்னும் எரிவளி மேடையின் கற்காரை அடித்தளத்தை நீரில் அமிழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். அப்போது உட்சுவர் ஒன்று உடைந்து நீர் புகுந்தது. அடித்தளம் முழுவதும் கடலடியில் வீழ்ந்து நொறுங்கிற்று. அவ் வீழ்ச்சியின் அதிர்ச்சி நிலநடுக்கக் கருவியில் 3 என்னும் அளவாகப் பதிவாயிற்று. இழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர். உயிரிழப்பு நேரவில்லை என்பதொன்றே ஆறுதல். ஆய்ந்தபோது, நாசுடிரான் என்னும் புகழ்பெற்ற மென்பொருளைக்கொண்டு அச் சுவர்களைக் கணித்தோர், அவ்விடத்தை நுண்கூறுகளாகப் பகுக்காது பருங்கூறுகளாகவே விட்டிருந்தனர் எனத் தெரிந்தது. அதனால் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. பின்னர் நுட்பமாகப் பகுத்துக் கணித்தபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று அதே முறை விடை தந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லிற்று. 'கேள்வியே பிழை, இவ் விடை நம்பத்தக்கதன்று' என்று ஐயுறுவது பொறியின் வேலையன்று. அது பட்டறிந்த பொறிஞரின் கண்ணுக்குரியது.

அதற்கும் முன்பு, 1978 சனவரி 18-ஆம் நாள் விடியற்கு முன்னர், அமெரிக்காவின் ஆர்ட்டுபோர்டு நகரத்து விளையாட்டரங்கின் கூரை பனிச்சுமையால் இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 5,000 பேர் அதற்குச் சில மணி நேரம் முன்னர்தான் ஆட்டம் பார்த்துவிட்டு அரங்கினின்று வெளியேறியிருந்தனர். அக் கூரையும் கணிப்பொறியாற் கணிக்கப்பட்டதே. கட்டும்போதே கூரை கணித்த அளவினும் மிகுதியாய் வளைவதைக் கண்டு களத்தில் நின்றோர் சுட்டிக் காட்டினர். ஆயினும் கண் கண்டது தள்ளப்பட்டது. கணிப்பொறி சொன்னதே கொள்ளப்பட்டது.

இவ் விரு நிகழ்வுகளும் நமக்குணர்த்துவது ஒன்றே. பொறியியல் மென்பொருளின் உண்மையான மதிப்பு அதன் நிரலில் மட்டும் இல்லை. எதனை எவ்வாறு கேட்கவேண்டும், எவ் விடையை எப்பொழுது நம்பலாகாது என்று அறிந்தோரின் உள்ளத்திற் பாதி இருக்கின்றது. அப் பாதிதான் ஓய்வு நாளன்று மாலை ஆறு மணிக்கு அடையாள அட்டையை நீட்டிவிட்டு வாயில் வழியே வெளியேறுகின்றது.

இத் தொழிலின் முதல் தலைமுறை ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டது. 1963-இல் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், ஒளிக்கோல் கொண்டு கணிப்பொறித் திரைமேல் வரைந்து காட்டினார் ஐவன் சதர்லாந்து. 1960-களில் வானூர்திகளையும் விண்கலங்களையும் கணித்தற்கென நாசா நிறுவனம் உருவாக்குவித்ததே மேற்சொன்ன நாசுடிரான். அதற்குக் கணக்குத் தரும் கோப்பு, வரிக்கு 80 எழுத்து, எட்டெட்டு எழுத்தாகப் பத்துக் கட்டம் என்னும் வடிவில் இன்றும் எழுதப்படுகின்றது. ஏன் எட்டு? ஏன் எண்பது? அற்றை நாளைத் துளை அட்டையில் 80 நிரைகள் இருந்தமையான் என்க. அட்டை போயிற்று, அட்டையைத் துளைத்தோர் போயினர், வடிவம் மட்டும் நிற்கின்றது. இதன் கரணியம் எழுதப்பட்டுள்ளது, யாவரும் அறிவர், ஆகலின் தீங்கில்லை. எழுதப்படாத கரணியங்கள் இன்னும் எத்தனை எத்தனையோ!

நன்முறையில் ஓய்வு பெற்றோரும் உளர். அணுவாற்றல் ஆய்வுக்கூடத்துப் பணியை விட்டு வெளியேறிய சான் சுவான்சன் என்னும் பொறிஞர், 1970-இல் பென்சில்வேனியாவில் தம் வீட்டிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய மென்பொருளே அன்சிசு. 1994-இல் நிறுவனம் பிறர் கைக்கு மாறிய பின்னும், அவர் தொழில்நுட்பத் தலைவராய் உடனிருந்து, 1999-இல் ஓய்வு பெற்றார். அவர் தொடங்கிய அந் நிறுவனத்தைச் சினாப்சிசு என்னும் நிறுவனம் 2025 சூலையில் வாங்கியது. 2024-இல் அவ் விற்பனை அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட விலை ஏறத்தாழ 3,500 கோடி டாலர். தொடங்கியவர் ஓய்வு பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்தும் தொழில் நின்றதற்குக் கரணியங்கள் பல. அவற்றுள் ஒன்றை எம் தொழிலார் அனைவரும் அறிவர். அம் மென்பொருளோடு அதன் கணக்கியல் அடிப்படையை விளக்கும் நூலும், அது தரும் விடைகளை ஏற்கெனவே விடை தெரிந்த கணக்குகளோடு ஒப்பிட்டுக் காட்டும் சரிபார்ப்பு நூலும் சேர்ந்தே வந்தன. எழுதப்பட்டது நின்றது.

ஆட்டோகேடு என்னும் வரைபட மென்பொருளை 1982-இல் வெளிக்கொணர்ந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் தலையாயவர் சான் வாக்கர். அவர் தம் நிறுவனத்திற்குள் எழுதப்பட்ட மடல்களையும் குறிப்புகளையும் தொகுத்துப் பெருநூலாகவே வெளியிட்டார். 2024-இல் அவர் மறைந்தார். ஆயினும், ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று இன்று வினவும் இளைஞனுக்கு அந் நூல் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றது.

'இனி இக் கவலை எதற்கு? செயற்கை அறிவு வந்துவிட்டது. எவ்வளவு பெரிய நிரலையும் நொடியிற் படித்து விளக்கிவிடும்' என்பது இற்றை இளைஞர் சிலரின் கூற்று. அதன் ஆற்றலை யான் மறுப்பேன் அல்லேன், பயன்படுத்தியும் பார்த்திருக்கின்றேன். ஆயின், நிரல் சொல்வது 'என்ன செய்யப்படுகின்றது' என்பதனை. 'ஏன் அவ்வாறு செய்யப்படுகின்றது' என்பதனை அது சொல்லாது. எவ்வெவ் வழிகளை முயன்று தோற்றபின் இவ் வழி கொள்ளப்பட்டது என்பதோ நிரலில் அறவே இராது. தோற்ற வழிகள் அழிக்கப்பட்டுவிடும். செயற்கை அறிவு எழுதப்பட்டதிலிருந்தே கற்கின்றது. எழுதப்படாததை எப் பொறியும் கற்கவொல்லாது. எழுதிவைத்தோர்க்கு அது நல்ல துணை. எழுதாதோர்க்கு அதனாற் பயனில்லை.

'நிறுவனத்தின் மறைபொருளை வெளியே எழுதலாமோ?' என்னும் கேள்வி முறையானதே. வெளியிடலாகாததை வெளியிடுக என்று யான் சொல்லவில்லை. நிறுவனத்திற்குரியதை நிறுவனத்திற்குள்ளேயே எழுதிவைத்திடுக. ஆயின், நம் பட்டறிவிற் பெரும்பகுதி மறைபொருள் அன்று. கூறுகளை எவ்விடத்தில் நுண்ணிதாகப் பகுக்கவேண்டும், கணிப்பொறி விடையைக் கையால் எவ்வாறு நான்கு வரியிற் சரிபார்க்கலாம், அலகு மாறினால் என்னென்ன பிழை வரும் என்பன எந் நிறுவனத்தின் உடைமையும் அல்ல. அவை தொழிலின் பொதுச் செல்வம்.

இங்கே தமிழர்க்கு மட்டும் உரிய செய்தி ஒன்றும் உண்டு. எம் அலுவலகத்தில் ஆவணங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. வாடிக்கையாளர் வெளிநாட்டார் ஆகலின் அது வேண்டியதே. ஆயின் உண்மையான கரணியங்கள் ஆவணத்தில் இல்லை. அவை தேநீர்க் கடையிற் பேசப்பட்டன. அங்கே பேச்சு முழுவதும் தமிழிலேயே நடந்தது. தமிழ் வழியிற் பயின்று சிற்றூர்களினின்று வந்த இளைஞர்கள், வகுப்பறையில் நான்காண்டு விளங்காத தகைவும் திரிபும், ஒரு குவளைத் தேநீர் ஆறுமுன் விளங்கப் பெற்றதை யான் கண்டிருக்கின்றேன். ஒரு தென்னை மட்டையை வளைத்துக் காட்டினாற் போதும். எப் பக்கம் இழுபடும், எப் பக்கம் அழுந்தும் என்று உடனே கண்டுகொள்வர். அப் பேச்சுகளில் ஒன்றேனும் எழுத்தாகவில்லை. நாம் வாயாற் சொன்னது தமிழில். கையால் எழுதியது ஆங்கிலத்தில். இரண்டிற்கும் இடையே வீழ்ந்து மறைந்தது நம் பட்டறிவு.

என் செய்தல் வேண்டும்? மூன்று சொல்வேன்.

முதலாவது, நிறுவனங்களுக்கு. ஓய்விற்குமுன் பத்து நாள் என்பது ஒப்படைப்பன்று, வெறுஞ் சடங்கு. இறுதி ஈராண்டுகளில் பணி நேரத்தில் மூன்றிலொரு பங்கினை எழுதுவதற்கும் கற்பிப்பதற்கும் ஒதுக்குக. எழுதுபவனை முதலிற் கழிக்கமாட்டோம் என்று உறுதி கூறுக. அவ் வுறுதி இல்லாதவிடத்து எவனும் தன் திறவுகோலைத் தரமாட்டான். தராதவனைக் குறைகூறலும் முறையன்று.

இரண்டாவது, இளைஞர்களுக்கு. புரியாத நிரலைக் கண்டவுடன் அழிக்கற்க. 'இதனை எழுதியவன் அறிவிலி' என்று முடிவு கட்டுமுன், அவன் எப் பிழையைக் கண்டு அஞ்சி இதனை எழுதினான் என்று வினவுக. எழுதியவர் பணியில் இருக்கும்போதே வினவுக. எமக்குப் பின்னும் யாம் எழுதிய நிரலே ஓடும். அப்பொழுது விடை சொல்ல யாம் இருக்கமாட்டோம்.

மூன்றாவது, என் போன்றோர்க்கு. ஓய்வை நெருங்கும் பொறிஞர்களுக்கும், ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருப்போர்க்கும். வெற்றிகளை எழுதற்க, அவை பாராட்டு மடலிலேயே உள்ளன. பிழைகளை எழுதுக. எங்கே தவறினோம், எவ்வாறு கண்டுபிடித்தோம், மீண்டும் நேராவண்ணம் என்ன செய்தோம் என்பனவற்றை ஒவ்வொரு பக்கமாக எழுதுக. தமிழில் எழுதுக, சொல் கிடைக்கவில்லையேல் விளக்கி எழுதுக. நூறு பொறிஞர் ஆளுக்கு ஐம்பது பிழை எழுதினால் ஐயாயிரம் பிழைகள் ஆகும். அடுத்த தலைமுறை அவற்றை மீண்டும் செய்து கற்கவேண்டா, படித்தே கற்கலாம். அத்தகைய நூல் எந்தக் கல்லூரியும் தரவியலாத செல்வமன்றோ?

ஓய்வு பெற்ற மறுநாட் காலையில் எழுந்து, செல்லுதற்கு இடமின்றி, சட்டை மாட்டியபடி முற்றத்தில் நின்ற அந் நிலையை யான் மறவேன். முப்பத்தாறு ஆண்டு உழைப்பு ஒரே இரவில் பொருளற்றுப் போயிற்றோ என்று நெஞ்சு கலங்கினேன். அவ் விளைஞரின் தொலைபேசி அழைப்பு வந்த நாளன்றுதான் உண்மை விளங்கிற்று. என் உழைப்புப் பொருளற்றுப் போகவில்லை. யான்தான் அதனைக் கொடாமல் எடுத்து வந்துவிட்டேன்.

அன்று மாலையே குறிப்பேடு ஒன்று வாங்கினேன். முதற் பக்கத்தில் அவ் வெல்லையெண்ணின் வரலாற்றை எழுதி, படியெடுத்து அவ் விளைஞர்க்கு விடுத்தேன். இன்று அறுபத்திரண்டு பக்கம் எழுதியாயிற்று. எழுத எழுத, மறந்தன பல நினைவிற்கு வருகின்றன. நினைவிற்கு வாராமலே போனவை எத்தனை என்பதும் புலப்படுகின்றது. பணியில் இருந்தபோதே தொடங்கியிருந்தால் அவையும் கிடைத்திருக்கும்.

அன்பர்களே! ஆள் ஓய்வு பெறுவது இயற்கை. அறிவு ஓய்வு பெறுவது நம் குற்றம். எழுதுங்கள், எழுதிவிட்டு ஓயுங்கள்.